நாற்பத்தேழு பேருக்குப் போகாத செய்தி

எழில்மதி ஒரு நாளில் வாய்விட்டுப் பேசுகிற வார்த்தைகளை எண்ணினால் ஐம்பது தேறாது. காலையில் பால் பாக்கெட் வாங்கும்போது கடைக்காரரிடம் இரண்டு. சாயங்காலம் திருப்பூரிலிருந்து அம்மா கூப்பிடும்போது பத்துப் பதினைந்து. திங்கட்கிழமையானால் கோயம்புத்தூர் அலுவலகத்தோடு வீடியோ கூட்டத்தில் இன்னும் கொஞ்சம். மற்ற நேரமெல்லாம் காரைக்காலை ஒட்டிய தலத்தெருவில் அவள் குடியிருக்கும் மாடி வீட்டில் மின்விசிறிச் சத்தமும் கீபோர்டுச் சத்தமும்தான். கீழ்வீட்டுக்காரர்கள் மகனோடு புதுச்சேரிக்குக் குடிபோய் மூன்று வருஷம் ஆகிறது. அதனால் அந்தக் கட்டடத்திலேயே ஆள் என்று இருப்பது அவள் ஒருத்திதான்.

அவள் வெளியூர்க்காரி அல்ல. பிறந்தது போலகத்தில், கீழத்தெருவில். தலத்தெருவிலிருந்து பஸ் ஏறினால் அரை மணி நேரம். அப்பா நடவுக்கும் அறுப்புக்கும் போய் அவளை எம்.சி.ஏ. வரை படிக்க வைத்தார். பிறகு ஒன்பது வருஷம் சென்னையில் வேலை. ஊரடங்கு வந்தபோது அம்மா காசியம்மாவுக்கு உடம்புக்கு முடியவில்லை என்று போலகத்துக்கு ஓடி வந்தாள். அதற்குள் அப்பா போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அம்மா தேறியதும் தம்பி நிலவன் வந்து, அவன் மகள் இனியாவைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று திருப்பூருக்குக் கூட்டிக்கொண்டு போனான். எழில்மதி மட்டும் திரும்பிப் போகவில்லை. சென்னை வேலையை விட்டுவிட்டு, தலத்தெருவில் அந்த மாடியை வாடகைக்குப் பிடித்து, வீட்டிலிருந்தே செய்கிற மாதிரி கோயம்புத்தூரில் ஒரு சின்ன நிறுவனத்தில் சேர்ந்தாள். ஏன் இங்கே தனியாக இருக்கிறாய் என்று யாராவது கேட்டால் பேச்சை மாற்றிவிடுவாள். கல்யாணப் பேச்சு இரண்டு தடவை கிட்டத்தில் வந்து கலைந்தது. முப்பத்தேழு வயதுக்கு மேல் அந்தப் பேச்சையும் யாரும் எடுப்பதில்லை.

அந்த நிறுவனத்தில் அவளுக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை, காரைக்காலின் தென்பகுதி விவசாயிகள் கூட்டமைப்புக்கு ஒரு இணையச் செயலி எழுதிக் கொடுப்பது. மேட்டூரில் திறக்கிற தண்ணீர் கடைமடைக்கு வந்து சேரும்போது முறை வைத்துத்தான் விடுவார்கள். இன்று இந்த வாய்க்கால், மூன்று நாள் கழித்து அந்த வாய்க்கால் என்று. தன் வாய்க்காலில் எப்போது தண்ணீர் வரும் என்று தெரியாமல் வயலுக்கும் வீட்டுக்கும் நடப்பதே பலருக்குப் பிழைப்பாக இருந்தது. அதற்குத்தான் செயலி. மதகின் இரும்புக் கதவான சட்டரைத் தூக்குகிறவர் தன் கைப்பேசியில் ‘திறந்தேன்’ என்று ஒரு பொத்தானை அழுத்துவார். உடனே அந்தச் சட்டருக்குக் கீழே இருக்கிற அத்தனை விவசாயிகளுக்கும், ‘உங்கள் வாய்க்காலுக்கு முறைத் தண்ணீர் திறக்கப்பட்டுள்ளது. மடையைத் திறந்து வைக்கவும்’ என்று செய்தி போகும்.

கேட்பதற்குச் சுலபமாக இருக்கும். ஆனால் ‘கீழே இருக்கிற அத்தனை பேர்’ என்பதைக் கணினிக்குச் சொல்லிக் கொடுப்பதில்தான் வேலையே இருக்கிறது. ஆற்றிலிருந்து பெரிய வாய்க்கால் பிரிகிறது. அதிலிருந்து சின்ன வாய்க்கால், அதிலிருந்து கன்னி என்று சொல்கிற இன்னும் சிறிய கிளை, கன்னியிலிருந்து வயலுக்குப் போகிற ஓடை. தரவுத்தளம் என்பது வரிவரியாக எழுதி வைக்கிற பதிவேடு. வரிக்குக் கிளை கிடையாது. எழில்மதி ஒவ்வொரு வாய்க்காலுக்கும் ஒரு வரி போட்டு, அது எந்த வாய்க்காலிலிருந்து பிரிகிறதோ அந்தத் தாய் வாய்க்காலின் எண்ணையும் பக்கத்தில் எழுதி வைத்தாள். முதலில் அதுவே போதும் என்று தோன்றியது. ஆனால் ஒரு சட்டர் திறந்தால், அதன் பிள்ளைகள் யார், அந்தப் பிள்ளைகளின் பிள்ளைகள் யார் என்று படிப்படியாகக் கேட்டுக்கொண்டே இறங்க வேண்டியிருந்தது. தண்ணீர் விடுகிற நாளில் எல்லாரும் ஒரே நேரத்தில் செயலியைத் திறந்து பார்க்கும்போது அது திணறிப்போனது.

அதனால் அவள் இன்னொரு வழி செய்தாள். ஒவ்வொரு வரியிலும் ஆற்றிலிருந்து அந்த வாய்க்கால் வரைக்கும் உள்ள முழு வழியையும் எண்களாக எழுதி வைத்துவிட்டாள். ஆறு ஒன்று, மேலவாய்க்கால் நான்கு, ஓடக்கரை வாய்க்கால் பதினேழு என்றால், ஓடக்கரையின் வழி ‘1/4/17’. ஓடக்கரைக்குக் கீழே யாரெல்லாம் என்று கேட்டால், அந்த மூன்று எண்ணில் தொடங்குகிற வரிகளை எல்லாம் அள்ளினால் முடிந்தது. ஒரே கேள்வி, ஒரே பதில். செயலி பறந்தது. நிறுவனத்தில் அவளுக்கு மேலே இருந்த அஷ்வின் திங்கட்கிழமைக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் பாராட்டினான். அன்றைக்கு அம்மாவிடம் அதைச் சொன்னபோது, “அப்படியா, நல்லது. சாப்ட்டியா?” என்றாள் காசியம்மா.

இரண்டு வருஷம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது.

மூன்றாம் வருஷம் ஆடி மாதம் ஒருநாள் முற்பகல், கூட்டமைப்பு அலுவலகத்திலிருந்து ஆஸியா பீவி கூப்பிட்டாள். செயலியில் பெயர் சேர்ப்பது, எண் மாற்றுவது எல்லாம் அவள் பொறுப்பு. எழில்மதியோடு வேலைக்கு அப்பாலும் இரண்டு வார்த்தை பேசுகிற ஒரே மனுஷி.

“எழிலு, ஒரு உபகாரம் வேணும்மா. இலுப்பைக் கன்னி ஆளுங்களுக்குப் போன மெசேஜ் பூராவும் தேதியோட ஒரு பிரிண்ட் எடுக்க முடியுமா?”

“முடியும்க்கா. எதுக்கு?”

“அந்த ஓடக்கரை சட்டர் ஆளு, மருதையன்னு ஒருத்தரு. அவர வேலைய விட்டு நிறுத்தி பதினோரு நாளாச்சு. ரெண்டு முறையும் தண்ணி வந்துடுச்சுன்னு மெசேஜ் வந்துருக்கு. மம்பட்டியத் தூக்கிக்கிட்டு ஓடுனா வாய்க்கால்ல சொட்டுத் தண்ணி இல்லையாம். பயிரு காஞ்சு போச்சுங்கிறாங்க. இவரு நான் தெறந்தேன் தெறந்தேன்னு சத்தியம் பண்றாரு. மெசேஜ் பொய் சொல்லுமா? போலகத்துலேர்ந்து மங்கையர்க்கரசின்னு ஒரு அம்மா, இனிமே அவர எந்தச் சட்டருக்கும் சேக்கக் கூடாதுன்னு மனு எழுதுறாங்க. அதுக்கு ஆதாரம் வேணுமாம்.”

மருதையன் என்ற பெயரைக் கேட்டதும் எழில்மதிக்குத் தெரிந்துவிட்டது. கீழத்தெருக்காரர். அப்பாவோடு அறுப்புக்குப் போனவர். சித்தப்பா என்றுதான் கூப்பிடுவாள். ஆஸியா பீவியிடம் அதைச் சொல்லவில்லை.

அவள் பட்டியலை எடுத்தாள். நாற்பத்தேழு பேர், இரண்டு செய்தி, தேதி, நேரம். கடைசிப் பத்தியில் எந்தச் சட்டர் திறந்ததால் செய்தி போனது என்று இருந்தது. அங்கே ‘ஓடக்கரை’ என்று இருக்க வேண்டும். ‘மேலவாய்க்கால்’ என்று இருந்தது.

முதலில் கண்தான் பிசகியது என்று நினைத்தாள். நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாகத் திறந்து பார்த்தாள். வைகாசியில் புதிதாக ஒரு மதகு கட்டி, ஓடக்கரை வாய்க்காலை மேலவாய்க்காலிலிருந்து பிரித்துப் புதுவாய்க்காலோடு சேர்த்திருந்தார்கள். ஆஸியா பீவி அதன்படி செயலியிலும் ஓடக்கரையை எடுத்துப் புதுவாய்க்காலுக்குக் கீழே வைத்திருந்தாள். அவள் செய்தது சரிதான். அப்படி ஒரு வாய்க்காலை இடம் மாற்றும்போது, அதற்குக் கீழே இருக்கிற எல்லாவற்றின் வழியும் மாற வேண்டும். எழில்மதி எழுதியிருந்த நிரல் ஓடக்கரையின் வழியை மாற்றியது. அதன் பிள்ளையான இலுப்பைக் கன்னியின் வழியை மாற்றியது. அதோடு நின்றுவிட்டது. இலுப்பைக் கன்னிக்குக் கீழே இருந்த மூன்று ஓடைகளும் இன்னும் பழைய மேலவாய்க்காலுக்கு அடியிலேயே கிடந்தன. அவள் சோதித்துப் பார்த்தபோது மூன்று படி ஆழத்துக்குத்தான் மாதிரி வாய்க்கால் போட்டுப் பார்த்திருந்தாள். போலகத்தில் ஐந்து படி இருந்தது. அது அவளுக்குத் தெரியாத ஊரும் இல்லை.

மேலவாய்க்கால் திறந்தபோது இந்த நாற்பத்தேழு பேருக்கும் செய்தி போயிருக்கிறது. ஓடி வந்து பார்த்தவர்களுக்கு வெறும் வாய்க்கால். மூன்று நாள் கழித்து மருதையன் ஓடக்கரைச் சட்டரைத் தூக்கியபோது ஒருவருக்கும் செய்தி போகவில்லை. மடைகள் எல்லாம் மூடிக் கிடக்க, வந்த தண்ணீர் ஓடைகளில் புரண்டு வடிகாலில் விழுந்து கடலுக்குப் போய்விட்டது. இரண்டு முறையும் அப்படியே.

மருதையன் பொத்தானை அழுத்திய நேரமும் பதிவில் இருந்தது. முதல் தடவை காலை ஆறு நாற்பது, இரண்டாம் தடவை ஆறு முப்பத்தைந்து.

எழில்மதி எழுந்து போய்த் தண்ணீர் குடித்தாள். திரும்பி வந்து உட்கார்ந்தாள். யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. சொல்ல ஆள் இல்லை. அம்மாவிடம் சொன்னால் பாதி புரியாது, மீதி பயப்படுவாள். கடைசியில் அஷ்வினைத்தான் கூப்பிட்டாள்.

அவன் முழுவதையும் கேட்டுவிட்டு, “சரி பண்ண எவ்வளவு நேரம் ஆகும்?” என்றான்.

“வழியச் சரி பண்ண பத்து நிமிஷம். நிரலத் திருத்த அரை நாள்.”

“அப்ப பண்ணிடுங்க. அடுத்த மாசம் ஒப்பந்தம் புதுப்பிக்கிறாங்க. இப்பப் போய் நாமளே தப்புன்னு எழுதிக் கொடுக்க வேண்டாம்.”

“ஒருத்தருக்கு வேலை போயிருக்கு, அஷ்வின்.”

“அது அவங்க கூட்டமைப்பு எடுத்த முடிவு. நாம எடுக்கல.” பிறகு, “நான் கெட்டவன் இல்லங்க. இருபத்திரண்டு பேருக்குச் சம்பளம் போடணும்” என்றான்.

அவள் வழிகளைச் சரி செய்தாள். சொன்னபடி பத்து நிமிஷம்தான் ஆனது. திரையில் மூன்று ஓடைகளும் ஓடக்கரைக்கு அடியில் ஒழுங்காக வந்து உட்கார்ந்துகொண்டன. பார்த்தால் எப்போதும் அப்படியே இருந்ததுபோல இருந்தது. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

மறுநாள் பட்டியலை இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு போலகத்துக்குப் பஸ் ஏறினாள். மனு எழுதுகிற அம்மாவிடம் முதலில் நேரில் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்திருந்தாள். மங்கையர்க்கரசிக்கு அறுபது வயதிருக்கும். கணவர் இறந்த பிறகு இலுப்பைக் கன்னிப் பாசனத்தில் மூன்று ஏக்கரைத் தானே ஆள் வைத்துப் பார்க்கிறவர். மகள் பிரதீபா பெங்களூரில். வாசலிலேயே நின்று வரவேற்றார்.

“வாங்க, வாங்க. கம்ப்யூட்டர் ஆபீஸ்லேர்ந்து இவ்வளவு தூரம் வந்துருக்கீங்க. உக்காருங்க. மோர் குடிக்கிறீங்களா?”

மோர் வந்தது. எழில்மதி காகிதத்தைப் பிரிப்பதற்குள் அவரே, “உங்களுக்குப் பூர்வீகம் எது?” என்று கேட்டார்.

“இதே ஊர்தாங்க. கீழத்தெரு.”

“கீழத்தெருவா? யாரு வீடு?”

சொன்னாள். மங்கையர்க்கரசி ஒரு நிமிஷம் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “அவன் மவளா நீ? உங்கப்பன் எங்க வயல்லதான் கடைசி வரைக்கும் அறுத்தான். ம்... சொல்லு, என்ன விஷயம்?”

‘வாங்க, உக்காருங்க’ என்ற மரியாதை ‘சொல்லு’ என்றாகிவிட்டது. ஊர்ப் பெண் என்ற உரிமையில் வந்த ‘நீ’யா, பழைய வழக்கத்தில் வந்த ‘நீ’யா என்று எழில்மதிக்குத் தெரியவில்லை. ஒன்பது வருஷம் சென்னையிலும் நான்கு வருஷம் அந்த மாடியிலும் இருந்து, யாரும் யார் வீடு என்று கேட்காத வாழ்க்கைக்கு அவள் பழகியிருந்தாள். அதற்கு விலையாக யாரும் எதையுமே கேட்காத வாழ்க்கையாகவும் அது ஆகிவிட்டிருந்தது. காகிதத்தை நீட்டி, வந்த விஷயத்தைச் சொன்னாள். தப்பு தன்னுடையது என்பதையும் சொன்னாள்.

மங்கையர்க்கரசி காகிதத்தை வாங்கவில்லை. “அவன் உங்க தெரு. நீயும் அந்தத் தெரு. இப்ப வந்து கம்ப்யூட்டர் தப்புங்கிற. நான் என்னன்னு எடுத்துக்கறது?” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. நிஜமாகவே யோசிக்கிற குரலில்தான் சொன்னார். அதனால் அது இன்னும் அதிகமாகக் குத்தியது.

“வெள்ளிக்கிழமை கூட்டம் இருக்காம்ல, அங்க எல்லாரு முன்னாடியும் காட்டுறேங்க” என்று சொல்லிவிட்டு எழில்மதி எழுந்தாள்.

கீழத்தெரு அங்கிருந்து ஐந்து நிமிஷ நடைதான். திரும்பும் முனையில் நின்றாள். மருதையனிடம் என்ன சொல்வது? வேலை திரும்பக் கிடைக்கும் என்று அவளால் உறுதி சொல்ல முடியாது. போகாமல் பஸ் ஏறிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை திருமலைராயன்பட்டினத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் கூட்டம் நடந்தது. அறுபது பேர் வந்திருந்தார்கள். அஷ்வினுக்கு முன்கூட்டியே ஒரு மின்னஞ்சல் எழுதியிருந்தாள்: ‘நான் சொல்லத்தான் போகிறேன். என் பெயரில் சொல்கிறேன்.’ அவன் பதில் எழுதவில்லை. ஆஸியா பீவி அவள் பக்கத்தில் வந்து நின்று, “நான்தானேம்மா அந்த வாய்க்கால எடம் மாத்துனேன். என் மேல வந்துடாதுல்ல?” என்று மெல்லக் கேட்டாள்.

“வராதுக்கா. நீங்க செஞ்சது சரி.”

எழில்மதி எழுந்து பேசினாள். அத்தனை பேர் முன்னால் அவள் பேசி எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. ஒரு தாளில் வாய்க்கால்களைக் கோடு போட்டு வரைந்து காட்டினாள். எந்தத் தேதியில் எந்தச் சட்டர் திறந்தது, அதற்கு யாருக்குச் செய்தி போனது, யாருக்குப் போகவில்லை என்று வாசித்தாள். “மருதையன் ரெண்டு முறையும் சரியான நாள்ல, சரியான நேரத்துல தெறந்துருக்காருங்க. தப்பு நான் எழுதுனதுல” என்றாள்.

பின்னாலிருந்து ஒருவர், “நீங்க எந்தத் தெரும்மா?” என்று கேட்டார்.

அவள் இதை எதிர்பார்த்துத்தான் வந்திருந்தாள். “கீழத்தெருங்க. அவர் எனக்குச் சொந்தம் இல்ல. தெருதான் ஒண்ணு.”

ஒரு சலசலப்பு எழுந்தது. கம்ப்யூட்டரில் யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் மாற்றலாம் என்று ஒருவர் சொன்னார். அதற்குப் பதில் சொல்ல எழில்மதி வாய் திறப்பதற்குள் முன்வரிசையிலிருந்து மங்கையர்க்கரசி எழுந்தார்.

“அந்தக் காயிதத்தக் கொடுங்க.”

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விரலை வைத்து நிதானமாகப் படித்தார். மருதையன் திறந்த இரண்டாவது தேதியில் விரல் நின்றது.

“பதினெட்டாம் தேதி... அன்னைக்கு எங்க அக்கா ஊர்ல தீமிதி. போயிட்டு மறுநா காலைல வயலுக்கு வந்தேன். ஓடையில சேறு ஈரமா இருந்துச்சு. கரைப்புல்லு சாஞ்சு கெடந்துச்சு. தண்ணி ஓடுனாத்தான் புல்லு அப்படிச் சாயும். என்னடாது, மழையும் பெய்யலயேன்னு நெனச்சேன். அதோட விட்டுட்டேன்.” காகிதத்தை மடித்தார். “அவங்க சொல்றது சரி. நான் மனு கொடுக்கல.”

அதன் பிறகு அதிகம் பேச்சு இல்லை. தண்ணீர் வராதது நமக்கு என்ன புதுசா என்று யாரோ சொல்ல, சிலர் சிரித்தார்கள். காய்ந்த பயிர் காய்ந்ததுதான். இலுப்பைக் கன்னிப் பக்கம் பாதிக்குமேல் குறுவையை உழுது மடக்கிவிட்டுச் சம்பாவுக்குத் தயாராகிக்கொண்டிருந்தார்கள். யாரும் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும். மருதையனைத் திரும்பக் கூப்பிடுவது என்று தீர்மானம் எழுதினார்கள்.

அன்று சாயங்காலம் அவள் கீழத்தெருவுக்குப் போனாள். மருதையன் அப்போதுதான் கான்கிரீட் வேலையிலிருந்து வந்து, கையில் ஒட்டிய சிமெண்டைக்கூடக் கழுவாமல் அடுப்பில் உலை வைத்துக்கொண்டிருந்தார். தீர்மானம் அவர் காதுக்கு அதற்குள் வந்துவிட்டது.

“நீ பண்ணுனதா?” என்றார்.

“ஆமா, சித்தப்பா. நான் எழுதுனதுலதான் தப்பு.”

“நான் தெறந்தது கம்ப்யூட்டர்ல இருக்காமே?”

“இருக்கு. தேதி, நேரம் எல்லாம் இருக்கு.”

“இன்னைக்குத்தான் வந்துச்சா அது?”

“இல்ல. அன்னைக்கே இருந்துச்சு.”

“அன்னைக்கே இருந்துருக்கு. யாரும் பாக்கல” என்றார். அடுப்பில் விறகைத் தள்ளினார். எழில்மதி கொஞ்ச நேரம் நின்றாள். அவர் உட்கார் என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. மன்னித்துவிடுங்கள் என்ற வார்த்தை அவள் வாயில் இருந்தது. அந்தத் தெருவில் அப்படி யாரும் யாரிடமும் சொல்லிப் பழக்கமில்லை. “வர்றேன் சித்தப்பா” என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. கூட்டமைப்பு ஒரு நிபந்தனை போட்டது: இதே மாதிரி இன்னொரு தடவை நடக்கக் கூடாது. அஷ்வின் அவளை வேலையை விட்டு அனுப்பவில்லை. ஆனால் வாடிக்கையாளரோடு பேசுகிற வேலை எதிலும் அவளைச் சேர்க்கவில்லை. திங்கட்கிழமைக் கூட்டத்தில் அவள் முறை வரும்போது, “எழில், எல்லாம் ஓகேதானே?” என்று கேட்டு, அவள் ஆமாம் என்பதற்குள் அடுத்தவரிடம் போய்விடுவான்.

அவளுக்குக் கொடுத்த வேலை அடித்தளத்தை மாற்றி எழுதுவது. ஆறு வாரம் அதிலேயே கிடந்தாள். ஒரு வரிக்குள் முழு வழியையும் எழுதி வைப்பதை அடியோடு விட்டாள். அதற்குப் பதிலாகத் தனியாக ஒரு பதிவேடு போட்டாள். அதில் யார் யாருக்கு மேலே என்பது மட்டும் ஜோடி ஜோடியாக இருக்கும். இந்த ஓடைக்கு இலுப்பைக் கன்னி மேலே, ஒரு படி. இதே ஓடைக்கு ஓடக்கரை மேலே, இரண்டு படி. இதே ஓடைக்குப் புதுவாய்க்கால் மேலே, மூன்று படி. இப்படி ஒவ்வொரு வாய்க்காலுக்கும் அதற்கு மேலே இருக்கிற அத்தனையோடும் ஒரு வரி. வரிகள் பெருகும்தான். ஆனால் ஒரு சட்டருக்குக் கீழே யாரெல்லாம் என்பது ஒரே கேள்வியில் வந்துவிடும். ஒரு வாய்க்காலை இடம் மாற்றினால், பழைய ஜோடிகளை எல்லாம் வெட்டிப் புது ஜோடிகளைப் போட்டு முடித்த பிறகுதான் மாற்றம் பதிவாகும். நடுவில் எங்கே தடுக்கினாலும் ஒன்றுமே நடக்காததுபோலப் பழைய நிலைக்கே போய்விடும். பாதி மாறிப் பாதி மாறாமல் கிடக்க வழியில்லை. ஒரு வாய்க்காலை அதற்கே கீழே இருக்கிற வாய்க்காலுக்கு அடியில் வைக்கப் பார்த்தால் செயலி மறுத்துவிடும். கூடவே ஒரு வசதியும் சேர்த்தாள். இடம் மாற்றுவதற்கு முன்னால், இதனால் யார் யாருக்குச் செய்தி போகிற வழி மாறுகிறது என்று பெயர்களைத் திரையில் காட்டும். ஆஸியா பீவி அதைப் பார்த்துவிட்டு, “இது இருந்தா எனக்கு நிம்மதிம்மா. பேரப் பாத்தா யாரு எவருன்னு தெரிஞ்சுடும்” என்றாள்.

இந்தத் தடவை மூன்று படியோடு அவள் நிற்கவில்லை. போலகத்தின் வாய்க்கால்கள் அத்தனையையும் அப்படியே போட்டு, ஒவ்வொன்றையும் பிடுங்கி வேறிடத்தில் நட்டு, திரும்பப் பிடுங்கி, நாற்பத்தேழு பெயரும் வருகிறதா என்று எண்ணிப் பார்த்தாள். அந்த ஆறு வாரத்தில் சில நாள் பால் கடைக்காரரிடம்கூடப் பேசவில்லை. பாக்கெட்டை எடுத்துக்கொண்டு காசை வைத்துவிட்டு வந்துவிடுவாள்.

புரட்டாசியில் சம்பாவுக்கு முதல் முறைத் தண்ணீர் வந்தது. காலை ஆறு முப்பத்தெட்டுக்கு ஓடக்கரையில் திறப்பு என்று திரையில் விழுந்தது. நாற்பத்தேழு செய்தியும் ஒரு நிமிஷத்துக்குள் போய்ச் சேர்ந்தன. செய்தி போகிற அந்த எண்ணுக்கு யாரும் பதில் அனுப்ப முடியாது. அப்படித்தான் அவள் அமைத்திருந்தாள். திரையைப் பார்த்துக்கொண்டே காப்பியைக் குடித்து முடித்தாள்.

சாயங்காலம் அம்மா கூப்பிட்டபோது, “மருதையன் சித்தப்பா வேலைக்குத் திரும்பிட்டாரும்மா” என்றாள்.

“நல்லது. ஆளு எப்படி இருக்கான்?”

“இருக்காரு.”

“பொண்டாட்டி போனதுலேர்ந்து ரொம்ப ஒடிஞ்சுட்டான்னு கேள்விப்பட்டேன்.”

“சின்னம்மா எப்பம்மா இறந்தாங்க?”

“மாசியில. உனக்குத் தெரியாதா? அங்ஙனயேதான இருக்க!”

அவளுக்குத் தெரியாது. ஆண்பிள்ளை தனியாக உலை வைத்துக்கொண்டிருந்ததைக் கண்ணால் பார்த்திருந்தாள். சின்னம்மா எங்கே என்று ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை. தன் தப்பைச் சொல்லி முடிக்கிற அவசரத்தில் நின்றிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பஸ் ஏறினாள். மருதையன் தெருவில் இல்லை என்று சொன்னார்கள். ஓடக்கரை மதகில் இருந்தார். சட்டரின் திருகாணிக்குக் கிரீஸ் தடவிக்கொண்டிருந்தவர், அவளைப் பார்த்ததும் நிமிர்ந்தார்.

“என்ன, மறுபடியும் தப்பா?”

“இல்ல சித்தப்பா. சின்னம்மா தவறுனது எனக்குத் தெரியாது. அம்மா சொல்லித்தான் தெரியும். அதான் வந்தேன்.”

அவர் கையைச் சாக்கில் துடைத்துக்கொண்டார். மதகுச் சுவரில் கிடந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். அந்த இடம் காலியானது. எழில்மதி அங்கே உட்கார்ந்தாள்.

கிரீஸ் டப்பாவை மூடிவிட்டு, “சர்க்கரைதான். கால் புண்ணுலேர்ந்து ஏறிடுச்சு” என்றார். எந்த ஆஸ்பத்திரி, எத்தனை நாள் என்று அவள் கேட்டாள். ஒவ்வொன்றுக்கும் ஒரு வார்த்தையில் பதில் வந்தது. சின்னம்மா கடைசியாக என்ன பேசினார் என்ற கேள்விக்கு மட்டும் அவர் நிறையச் சொன்னார். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

ஐந்து மணி பஸ்ஸுக்கு அவள் எழுந்தபோது அவர் சட்டரைப் பார்த்துக்கொண்டே, “பாத்துப் போ” என்றார். பஸ்ஸில் கூட்டமில்லை. ஜன்னலோரம் இடம் கிடைத்தது. தலத்தெருவில் இறங்கி, பூட்டிய கீழ்வீட்டைத் தாண்டி மாடிப்படி ஏறினாள்.